பதினாறாம் நாள் வரை செல்லும்

"சர்க்கரை கம்மி" என்று மனைவி பூங்கோதையிடம் காபியைத் திருப்பிக் கொடுத்ததுதான் சற்குணம் கடைசியாகப் பேசியது. சாயங்காலம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் ஒரு கருவி அவர் குரலில் பேசிக்கொண்டிருந்தது. வேலைக்கு இறந்தவர் குரலில் கிடைக்கும் சிபாரிசு பதினாறாம் நாள் வரை செல்லும். மாலையோடு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"அண்ணே, நம்ம பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தங்கமான பையன், எனக்கு நல்லாத் தெரியும்" என்றது கருவி, எல்லோருக்கும்.

பெற்ற மகளுக்கே சிபாரிசு செய்ய மறுத்த மனிதர். பூங்கோதை கருவியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"மதினி, நம்ம இலக்கியாவையும் வரிசையில நிக்கச் சொல்லுங்க. எத்தன வருஷம் வேலையில்லாம இருப்பா?" என்றான் கொழுந்தன்.

மகள் எழுந்து போய்க் கருவியின் வயரைப் பிடுங்கினாள். வரிசை கலைந்தது. சிலர் போட்ட மாலையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையிலும் இலக்கியாவுக்கு வேலை இல்லை.