செய்தி வாக்கியம்

சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஆங்கில நோட்டைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே கணவன் சிரித்தான்.

“நம்ம பொண்ணு கெட்டிக்காரிடி! உனக்குப் புரியாது, தமிழ்லயே சொல்றேன். கட்டளை வாக்கியம், ‘என் சட்டைக்குப் பொத்தான் தைச்சு வை.’ சரி. கேள்வி வாக்கியம், ‘நாள் பூரா வீட்ல என்னத்தைக் கிழிக்கிறே?’ சரி. உணர்ச்சி வாக்கியம், ‘ஐயோ, எவ்வளவு உப்பு!’ அதுவும் சரி. இதெல்லாம் எங்கே பிடிச்சா?”

“எல்லாம் இந்த வீட்லதான்.”

“செய்தி வாக்கியம் மட்டும் காலியா இருக்கே. வந்து எழுதச் சொல்லு.”

மனைவி பேனாவை வாங்கி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள்: ‘திங்கட்கிழமை முதல் நான் வேலைக்குப் போகிறேன்.’

கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவ நோட்டுல நீ...”

“அட்டையைப் பாருங்க.”

அட்டையில், மாலை வகுப்பின் முத்திரைக்குக் கீழே மனைவியின் பெயர் இருந்தது.

“பிழை இருந்தா திருத்துங்க. ஆனா நான் கேட்கலை, சொல்றேன்.”