சின்ன எசமானி

"ஐயோ, அதை மட்டும் விட்டுருப்பா!"

சுரண்டியும் கையுமாக நின்ற பெயிண்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். காவல்காரர் இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டாமா? இருபத்திரண்டு அறை, ஒற்றை ஆள். பல நாள் அவர் குரலே அவருக்கு மறந்துபோகும்.

இப்போது அந்தப் பழைய மாளிகையைப் பழையபடியே ஆக்கி, ஊர் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்களாம். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் குடும்பத்தின் கை பட்டதெல்லாம் இருக்கும். பின்னால் வந்தவர்கள் செய்ததெல்லாம் போகும்.

பின்னால் வந்தவர் என்றால் வேறு யார், இவர்தான். வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போன அன்று சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகியவர். அவர் அடித்த அலமாரி, ஒழுகலுக்கு வைத்த தகரம், சட்டை மாட்டிய ஆணி, எல்லாம் காலையிலேயே வண்டி ஏறிவிட்டன. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

சமையலறை நிலைக்காலை அப்படி விட முடியவில்லை.

சத்தம் கேட்டு வேலையை மேற்பார்க்கும் அதிகாரியம்மா ஓடிவந்தார். சின்ன வயது, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். மரத்தில் ஆணியால் கீறிய ஏழு கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஏதோ ஒரு குழந்தையின் உயரம். ஏழாவது கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு வார்த்தை.

"சின்ன எசமானி," என்று வாசித்தார். "வீட்டுக்காரங்க பொண்ணா?"

இல்லை என்று சொன்னால் மத்தியானத்துக்குள் மரம் மழமழவென்று ஆகிவிடும். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு பொய் சொன்னவரில்லை காவல்காரர்.

"ஆமாம்மா."

அதிகாரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் பிடித்தார், அளந்தார், மறுபடி படம் பிடித்தார்.

"எழுத்துப்பிழையைப் பாத்தீங்களா? 'ஜ' வரணும், 'ச' போட்டிருக்கு. பாப்பா தன் கையாலயே எழுதியிருக்கு! பலகையில இதையும் போட்டுடலாம்."

காவல்காரர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதற்குக் கண்ணாடி போட்டு மூடிவிட வேண்டும், இனி யார் கையும் படக்கூடாது என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, எழுந்தபடியே கேட்டார் அதிகாரியம்மா.

"ஏழோட நின்னுபோச்சே? வெளியூருக்குப் படிக்க அனுப்பிட்டாங்களோ?"

"போயிட்டாங்கம்மா."

சொல்லும்போதே அவருக்கு வாய் கூசியது. 'போயிட்டாங்க'வாம்! வாடி, போடி என்பதைத் தவிர வேறு எப்படி அவளைக் கூப்பிட்டிருக்கிறார்? அதைக் கொண்டா, இதை எடு என்று நாளெல்லாம் அவள் ஏவுகிற ஏவலுக்கு அவர் கேலியாக வைத்த பெயர்தான் அது. வீட்டுக்காரருக்கும் ஒரு பெண் உண்டுதான். சமையலறைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லையாம்.

எல்லாரும் அடுத்த அறைக்குப் போனதும் காவல்காரர் நிலைக்காலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தினமும் செய்வதுபோல் ஏழாவது கோட்டில் கட்டைவிரலை வைத்தார். நாளை முதல் கண்ணாடியைத்தான் தடவ வேண்டும். பரவாயில்லை, கோடு இருக்கும்.

குழந்தையைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, இனி இந்த வீட்டில் ஒரு நாள் இருக்க மாட்டேன் என்று அவர் பெண்டாட்டி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கூடவே வரச்சொல்லி அழுதாள். அவர் போகவில்லை. நிலைக்காலைப் பெயர்த்துத் தோளில் போட்டுக்கொண்டா போக முடியும்?

ஏழாவது பிறந்தநாளன்று அவர் கோடும் பெயரும் கீறி முடித்ததும், சின்ன எசமானி நிலைக்காலைவிட்டு நகர்ந்து, திரும்பி நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு அதட்டினாள்.

"'ச' இல்லப்பா, 'ஜ'! அழிச்சிட்டு எழுது."

"உத்தரவு எசமானி," என்று சிரித்தார் அவர். "அடுத்த பிறந்தநாளுக்குச் சரியா எழுதிடறேன்."