நடுவே ஒரு கேள்வி

அந்தப் பெண் வாயை மூடினால்தான் தன் வேலை தப்பும் என்று தோன்றியது கைடுக்கு.

நுழைவாயிலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “இந்த வனப் பூங்காவுல புலி இருக்கா அங்கிள்?”

“இல்லம்மா. இது பாதுகாக்கப்பட்ட காடு. மரமும் பறவையும்தான்.”

“அப்போ எதுக்கு இவ்ளோ பெரிய கேட்?”

சுற்றிப் பார்க்க வந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். தலைமை அலுவலக அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் மதிப்பெண் தாள் இருந்தது.

கைடுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்து மின்சார அணையில் இருபத்தாறு வருஷம் மதகு ஏற்றி இறக்கியவர். ஒருநாள் ஏணியில் தலைசுற்றியதும், இனி உயரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணைக்குக் கீழே இருக்கும் இந்தக் காட்டில் கைடு வேலை காலியாக இருந்தது. இன்றைய தேர்வில் தேறினால் இங்கேயே இருக்கலாம். தவறினால் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு ஸ்டோர் ரூமில் வேலை. மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. அவளை விட்டுவிட்டுத் தனியாகத்தான் போகவேண்டும்.

ஒரு மாதமாக மனைவிதான் பாடத்தை ஒப்பிக்க வைத்தாள். குளியலறைக் கதவு, சர்க்கரை டப்பா, கண்ணாடி, எங்கே பார்த்தாலும் பெயர்ச் சீட்டு. நாற்பது மரம், வாயில் நுழையாத நாற்பது பெயர். காலையில் கிளம்பும்போதுகூட எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

முதல் இரண்டு மரம் பிரமாதம். மூன்றாவது மரத்தடியில் நின்றார்.

“இது... இதோட பேர் வந்து...”

அதிகாரியின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

“அங்கிள், ஒரு சந்தேகம்!” அவளேதான். “இந்த மரத்துல ஒரு பக்கம் மட்டும் ஏன் பாசி?”

எரிச்சலாக வந்தது. ஆனாலும் பதில் தானாக வந்தது.

“அது அணையைப் பார்த்த பக்கம்மா. மதகைத் திறந்தா சாரல் புகை மாதிரி கிளம்பும். காத்து அதை நேரா இங்க கொண்டுவந்து கொட்டும். நான் அங்க மேல நின்னு பார்ப்பேன். இந்தச் சரிவு மொத்தமும் காணாமப் போயிடும்.”

எல்லோரும் பாசிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்கள். மரத்தின் பெயரைச் சொல்லவே இல்லை என்பது பத்தடி தள்ளி வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்தது ஓடைப் பாலம். அங்கிருந்த மரத்தின் பெயரும் பாதியில் கழன்றுகொண்டது.

“அங்கிள், தண்ணி திறக்கும்போது இங்க இருக்கிற மிருகமெல்லாம் என்ன பண்ணும்?”

“ஏம்மா, அவரைக் கொஞ்சம் பேசத்தான் விடேன்!” என்று குடை வைத்திருந்த அம்மாள் அதட்டினாள்.

“பரவாயில்லைங்க” என்றார் கைடு, பல்லைக் கடித்துக்கொண்டு. “சைரன் ஊதினா மனுஷன் கரையேறப் பத்து நிமிஷம் ஆகும். நீர்நாய் ஒரே ஊதல்ல குட்டியைக் கவ்விக்கிட்டுப் போயிடும். ஒரு தடவை தாய் மூணு குட்டியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. நாலாவது குட்டி பாறை மேல நின்னு கத்துது. இங்க போன்ல மேலதிகாரி கத்துறார். நான் யார் பேச்சைக் கேக்கிறது?”

“யார் பேச்சைக் கேட்டீங்க?” குடைக்கார அம்மாளே கேட்டாள்.

“தாய் திரும்பி வர்ற வரைக்கும் மதகைத் தொடலை. ரெண்டு நிமிஷம் லேட். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துச்சு. மதகு இறுகிக்கிச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அப்போதுதான் பின்னால் நிற்கும் அதிகாரி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசிவரை இதே கதைதான். அவர் திணறுவார், அவள் குறுக்கே விழுவாள். பயணம் முடிந்ததும், “வர்றேன் அங்கிள்” என்று கையாட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அதிகாரி தாளைப் பார்த்தார். “நாற்பதுல பதினொரு மரத்தோட பேர்தான் சொன்னீங்க.”

கைடு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர்கூட செல்போனைப் பார்க்கலை. பேரெல்லாம் மெதுவா படிச்சுக்கலாம். தேறிட்டீங்க. போய் வீட்டுல சொல்லுங்க.”

கைடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மன்னிக்கணும் சார்” என்றார். “அந்தப் பொண்ணு மட்டும் நடுவுல நடுவுல புகுந்து கெடுக்கலைன்னா, இன்னும் நாலஞ்சு பேராவது சொல்லியிருப்பேன்.”

அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“அவங்க காட்டு மரங்களைப் பத்தியே பெரிய படிப்பு படிச்சவங்க. காலையில சர்டிபிகேட்டோட என்னைப் பார்க்க வந்தாங்க. நீங்க தவறியிருந்தா, இந்த வேலை அவங்களுக்குத்தான். அது அவங்களுக்கும் தெரியும்.”