விசில் ஊதிய பிறகு

எழுதிவைத்த வசனமே இல்லாமல் மேடையில் நின்று சிரிக்கவைக்கும் நாடகத்துக்கு ஒரே விதிதான், கண்ணுகளா. எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் "ஆமா" என்று ஏற்றுக்கொண்டு, மேலே ஒன்று சேர்க்கவேண்டும். கல்லூரி விழாவின் பயிற்சியில் சீட்டுக் குலுக்கி ஜெபசீலியையும் தாரிகாவையும் மேடையேற்றினார்கள். விடுதிக்கு வந்த நான்கு மாதத்தில் ஜெபசீலியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தாரிகா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அடியே ஜெபா! எங்கடி போன? உன்னத் தேடாத இடமில்ல!"

"ஆமா... நான் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன், நீ வருவேன்னு."

"ஒரு வாரமாவா?"

"ஆமா. டீக்கடைக்காரர் காலையில குப்பையோட என்னையும் சேத்துத்தான் கூட்டித் தள்ளுவாரு."

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பயிற்சியாளர் விசில் ஊதினார், காட்சி முடிந்தது. அடுத்த ஜோடி படியேறி வந்துவிட்டது. ஜெபசீலி தாரிகாவின் கையை விடவில்லை. அதுவும் நடிப்புதான் என்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள்.

"விடு, முடிஞ்சிருச்சு," என்றாள் தாரிகா, உதடு அசையாமல்.

"ஆமா," என்றாள் ஜெபசீலி, இன்னும் இறுக்கிப் பிடித்தபடி. "சாப்பிட எங்கடி போலாம்?"