சாத்திய கதவு

மறுபடியும், ஆய்வகத்திலேயே மூத்தவரான பெரியக்காவின் அறைக் கதவு சாத்திக்கொண்டது. இந்த முறை உள்ளே போனது மைக்ரோஸ்கோப்காரர்.

வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத புதுப்பெண் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒவ்வொருத்தராகக் கடுகடுவென்று உள்ளே போவதும், முகம் தெளிந்து வெளியே வருவதுமாக இருந்தார்கள். யாரைப் பற்றிப் பேச்சு என்று ஜோசியமா பார்க்க வேண்டும்? அவளைப் பற்றித்தான்.

தப்பு அவள் மேல்தான். கல்லீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒருவகைச் செல்கள் உண்டு. ரத்தத்தில் மிதந்து வரும் கழிவை லபக்கென்று விழுங்கி, உள்ளேயே செரித்துவிடும். அதை ஆராய்வதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பு. கதகதப்பாக இருந்தால்தான் அந்தச் செல்கள் விழுங்கும். இவளோ, கெட்டுவிடக் கூடாதே என்று செல்கள் இருந்த தட்டுகளை ஐஸில் வைத்துவிட்டாள். ஒரு செல்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லோருடைய ஒரு வார உழைப்பும் பாழ்.

அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இயக்குநர் முடிவு செய்யும் நேரம் வேறு. தெரியாத ஊரில் ஒற்றை அறை, போன் போட்டுப் பேசக்கூட ஆளில்லை. இந்த வேலையும் போனால் எங்கே போவாள்?

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பெரியக்கா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "வாம்மா, உட்காரு."

"வேணாம்க்கா. பசிக்கல."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவளோடு சாப்பிட்ட ஒரே ஆள் பெரியக்காதான். பெரியக்காவுக்கும் வேறு துணையில்லை. அந்த அறைக்கு வருகிற யாரும் அந்த மேசைக்கு வருவதில்லை.

படியேறி வந்த மைக்ரோஸ்கோப்காரரிடம் கேட்டேவிட்டாள். "என்னைப் பத்தித்தானே சொன்னீங்க?"

"ஆமா. வந்த கோவத்துக்கு வாயில வந்ததெல்லாம் கொட்டித் தீர்த்துட்டேன்" என்றார் கூசாமல்.

சாயங்காலம் பெரியக்கா இயக்குநரைப் பார்த்துவிட்டு வந்தார். போட்டுக்கொடுத்தாச்சு என்று முடிவு கட்டி, புதுப்பெண் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், பெரியக்கா சொன்னதை நம்பாதீங்க. கதவைச் சாத்திக்கிட்டு ஊர் வம்பெல்லாம் கேட்டு, கோள் மூட்டறதே அவங்களுக்கு வேலையாப் போச்சு. தட்டை ஐஸ்ல வெச்சது தெரியாம நடந்துடுச்சு சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் தட்டு?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வாரம் வேலை கொஞ்சம் தள்ளிப்போகும்னாங்க. உன்னை நிரந்தரமாக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலையே."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"இத்தனை வருஷத்துல இங்க யாரும் யாரைப் பத்தியும் என்கிட்ட குறை சொன்னதில்ல. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் தங்கம்னு போற இடமெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றவர், பெருமூச்சு விட்டார்.

"முதல் புகார் உன்னோடதுதாம்மா."