ஏழாவது சட்டை

ஊழியர்கள் ஆறு பேர். அவர்களுக்குச் சீருடை வேண்டும் என்று முடிவெடுத்ததும், நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் முதலாளி அருளப்பன்தான். வெளிர்நீலச் சட்டை, பையின் மேல் கம்பெனிப் பெயர். அளவெடுக்க வந்த தையல்காரர் முன்னால் கடைசி ஆளாகப் போய் அவரும் கைகளை விரித்து நின்றார்.

"உங்களுக்கு எதுக்கு சார் யூனிபார்ம்?"

"சும்மா எடுங்க."

திங்கட்கிழமை டீ நேரத்தில் ஆறு நீலச் சட்டைகள் ஒரே மேசையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தன. ஏழாவது சட்டை உள்ளே நுழைந்ததும் ஆறும் எழுந்து நின்றன. "உங்களுக்கு வெள்ளைதான் சார் எடுப்பா இருக்கும்" என்றார் ஸ்டோர் பார்க்கும் தங்கப்பழம், மிகுந்த மரியாதையோடு. மறுநாள் அருளப்பன் வெள்ளையில் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பேருந்து நிலையத்துக்குப் போய் டீ வாங்கினார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் சட்டைப்பையில் இருந்த பெயரைப் படித்தார்.

"லீவு நாள்லயும் வேலையா? மொதலாளி ரொம்ப மோசமோ?"

"நல்ல மனுஷன்தாங்க" என்றார் அருளப்பன். "ஆனா என்னமோ, அவரு வந்தா நாங்க பேச்சை நிறுத்திடுவோம்."