ஏணியில் பருந்து

"மாடிப்படி பல்ப் எரியாம இன்னையோட ஆறு நாளாச்சு. இன்னைக்காவது ஏறுவீங்களா, இல்ல ஏதாவது சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை மாத்துறேன்னேன், மாத்துறேன்" என்றார் கிரேன்காரர்.

மாடிப்படி திருப்பத்துக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், ஆழமான கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது அந்த பல்ப். ஜன்னல் இல்லாத இடம், பகலிலேயே தடவித் தடவித்தான் ஏறவேண்டும். முப்பது மாடி உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று பக்கத்து வீட்டார்கூடச் சிரித்தார்கள். தெருவில் அவருக்குப் பருந்து என்றே பேர்.

பருந்து தரையிறங்கி மூன்று மாதம் ஆன சங்கதி வீட்டுக்குத் தெரியாது. கேபினில் ஒருநாள் தலை சுற்றி, கிடைத்த கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து சேற்றில் நின்று பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஆட்டுவதுதான் அவர் உத்தியோகம்.

இதை எந்த வாயால் சொல்வது? பத்து வருஷமாக அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் தெரியும் கிரேனைப் பார்த்து ஒரு துண்டை ஆட்டுவாள். அவர் கேபினிலிருந்து ஹார்ன் அடிப்பார். அந்தத் துண்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

அதனால் இப்போது மேலே ஏறுகிறவரிடம், "துண்டு தெரிஞ்சா ஹார்ன் அடிச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சி வைத்திருந்தார். கட்டின பெண்டாட்டிக்கு ஆள் வைத்து ஹார்ன் அடிக்கிற புருஷன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று தினமும் தலையில் அடித்துக்கொள்வார்.

ஐந்து நாளில் ஐந்து சாக்கு தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆகாது, புதன்கிழமையும் ஆகாது, முதுகுப் பிடிப்பு, கடையில் அந்த அளவு பல்ப் இல்லை, சளி. இன்றைக்கு ஏணித் தூசியால் தும்மல் வரும் என்று சொல்லலாமென்று போனால், கதவுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்த ஏணியில் பேருக்குக்கூடத் தூசி இல்லை. தன் நேரத்தை நொந்துகொண்டு அதைத் தூக்கிவந்து நிறுத்தினார்.

புது பல்பை அட்டைப் பெட்டியோடு சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மனைவி வந்து ஏணியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் குடி முழுகிடாது."

அவருக்குச் சுருக்கென்றது. "யாரைப் பாத்து என்ன பேசுற? தள்ளி நில்லு" என்றார். அவள் தள்ளி நிற்கவில்லை.

முதல் படியில் சிங்கம்போல நின்றார். இரண்டாவது படியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்றாவது படியில் ஏறிக் கீழே பார்த்ததுதான் தப்பு. அதற்குள் கால் பழக்கதோஷத்தில் நாலாவது படிக்குப் போய்விட்டது.

"ஏணியை ஆட்டாதே" என்றார்.

"ஏணி ஆடலைங்க. நீங்கதான் ஆடுறீங்க."

பருந்து குரங்குக்குட்டி மாதிரி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. முப்பது மாடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டவன், நாலு படியில் இந்தக் கதிக்கு ஆளாகிவிட்டோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"எனக்குத் தலை சுத்துது" என்றார் ஏணியிடம். "மூணு மாசமா நான் கிரேன்ல ஏறுறதில்ல. கீழ நின்னு கொடி ஆட்டுறேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் பதறவில்லை. கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி, படிக்கட்டில் உட்காரவைத்து, ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"பத்து வருஷமா ரெண்டு ஹார்ன். மூணு மாசமா மூணு ஹார்ன். எனக்கு எண்ணத் தெரியாதா?"

தண்ணீர் புரையேறியது அவருக்கு. "தெரிஞ்சுமா தினம் துண்டை ஆட்டின?"

"ஆட்டலைன்னா நீங்க கவலைப்படுவீங்களே."

அவர் செம்பைக் கீழே வைத்தார். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. இத்தனை நாள் இவளிடம் போய் மறைத்தோமே, நம்மைப்போல முட்டாள் உண்டா என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு, நாளைக்கு எலக்ட்ரீஷியனை வரச்சொல்றேன். அவர் வந்து மாத்தட்டும்" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினாள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது படி. கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு ஒரு திருகு திருகினாள். மாடிப்படி முழுக்க வெளிச்சம் வந்துவிட்டது.

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஏம்மா, புது பல்ப் என்கிட்டயே இருக்கே?"

அவள் கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நீங்களா வாயைத் திறக்கட்டும்னு நான்தான் அதை லூஸ் பண்ணி வெச்சேன்."